பாம்பு, தவளைன்னா உசுரா இருக்கற பிள்ளைய என்ன பண்றது?

உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். எட்டு வயசு பையன், சென்னை மேடவாக்கம் பக்கம் ஏரிய ஒட்டின புது லேஅவுட்ல வீடு, பாம்பு தவளை ஆமைன்னா சோறு தண்ணி மறந்துடறான், மாமியார் இது என்ன பீடை புத்தின்னு திட்றாங்க, உங்களுக்கே பல்லிய பாத்தா உடம்பு கூசுது, பெட் ஷாப்ல ஒரு ஆமைக்குட்டி வாங்கி குடுத்தா அடங்குவானா இல்ல பாம்புப் பண்ணைக்கு கூட்டிட்டு போனா போதுமான்னு கேட்டிருக்கீங்க. நடுவுல போற போக்குல ஒரு வரி எழுதிருக்கீங்க பாருங்க, யூட்யூப்ல ஒருத்தர் நல்லபாம்ப வால புடிச்சு தூக்கறத பாத்துட்டு வீட்ல கயித்த வெச்சு அதே மாதிரி பண்றான்னு. உங்க உண்மையான கேள்வி அந்த வரிலதான் இருக்கு. இந்த ஆசைய வளத்துவிட்டா ஒரு நாள் எதுலயாச்சும் கைய வெச்சுடுவானோ, அடக்கிட்டா பிள்ளைகிட்ட இருக்கற நல்லதொண்ண நாமளே கெடுத்துடுவோமோன்னு. அதுக்குதான் பதில் சொல்லப்போறேன், ஆமை, பாம்புப் பண்ணை எல்லாம் வழில வந்துடும்.

என்னைப் பத்தி ரெண்டு வரி. விலங்கியல் படிச்சேன், 22 வருஷம் செங்கல்பட்டு பக்கம் பள்ளிக்கூடத்துல பாடம் எடுத்தேன், சனிக்கிழமை ஆனா பசங்கள கூட்டிக்கிட்டு ஏரி, குட்டை, வரப்புன்னு சுத்துவேன். பாம்பு பத்தி காலேஜ்ல படிச்சத விட ஒரு இருளர் பெரியவர் பின்னாடி நடந்து கத்துக்கிட்டதுதான் ஜாஸ்தி. டாக்டர் இல்ல, குழந்தை மனசு பத்தி படிச்சவனும் இல்ல. அதனால பிள்ளைங்கள பத்தி சொல்றது பெரும்பாலும் பாத்து பழகினது, அப்படியே எடுத்துக்கோங்க.

முதல்ல பயம். பாம்பு பயம் பொறவிலயே வருதா, பாத்து கத்துக்கறதான்னு ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ளயே இன்னும் முழுசா முடிவாகல. ஆனா ரெண்டு விஷயம் நல்லா சோதிச்சு பாத்தது. ஒண்ணு, பள்ளிக்கூடம் போகாத சின்ன பிள்ளைங்ககிட்ட கூட நிறைய பூ படத்துக்கு நடுவுல ஒரு பாம்பு படத்த வெச்சா சட்டுனு கண்டுபிடிச்சிடுதுங்க, கண்ணு முதல்ல அங்கதான் போகுது. ரெண்டாவது, 1980கள்ல ஆய்வுக்கூடத்துலயே வளந்த குரங்குங்கள வெச்சு பண்ணின சோதனை. அதுங்களுக்கு பாம்பு மேல பயமே இல்ல, ஆனா இன்னொரு குரங்கு பாம்ப பாத்து அலறத பாத்ததுக்கு அப்புறம் இதுங்களும் பயப்பட ஆரம்பிச்சிடுச்சு, அதே வேலைய பூவ வெச்சு பண்ணப்ப பயம் ஒட்டவே இல்ல. அதாவது கவனிக்கற கண்ணு கூடவே வருது, அலறல் பக்கத்துல இருக்கறவங்ககிட்டேர்ந்து வருது. உங்க பையனுக்கு நீங்கதான் அந்த பக்கத்து குரங்கு, தப்பா எடுத்துக்காதீங்க. பயமே இல்லாத மாதிரி நடிக்க சொல்லல, பிள்ளைங்க நடிப்ப ஒரு நொடில புடிச்சிடும். "எனக்கு கூசுதுடா, நீ பாத்துட்டு என்ன பண்ணுதுன்னு சொல்லு, நான் இங்கேர்ந்து கேக்கறேன்"னு சொல்லுங்க போதும். சென்னை பாம்புப் பண்ணைய ஆரம்பிச்ச ரோமுலஸ் விட்டேக்கர் சின்ன பையனா இருந்தப்ப பாம்ப வீட்டுக்கு கொண்டாந்தாராம், அவங்க அம்மா அடிச்சு வெரட்டாம ஊக்கம் குடுத்தாங்களாம், அவரே பல இடத்துல சொல்லிருக்கார். (வீட்டுக்கு கொண்டுவர விடுங்கன்னு நான் சொல்லல, அது வேற ஊர், வேற பாம்பு.)

இப்ப நான் பண்ணின தப்ப சொல்லிடறேன், ஏன்னா நான் சொல்றதுல பாதி அதுலேர்ந்து வந்ததுதான். ஆரம்பத்துல நானும் பாம்ப கையில குடுக்கற ஆளுதான். ஒரு வகுப்புல வெள்ளிக்கோல் வரையன் ஒண்ண எடுத்துட்டு போய், இது விஷமில்லாதது, பாக்கறதுக்குதான் கட்டுவிரியன் மாதிரி பட்டை பட்டையா இருக்கும்னு சொல்லி வரிசையா எல்லார் கையிலயும் குடுத்தேன். பயந்து ஒதுங்கி நின்ன பிள்ளைங்க கூட கடைசில வந்து தொட்டுச்சுங்க, எனக்கு பெருமை தாங்கல. மூணு வாரம் கழிச்சு ஏழாவது படிக்கற ஒரு பையன் ஹார்லிக்ஸ் பாட்டில்ல ஒண்ண போட்டு கொண்டாந்தான், "சார் வெள்ளிக்கோல் வரையன் சார், நானே புடிச்சேன்"னு முகமெல்லாம் சிரிப்பு. மூடிக்கு மேல கைய வெச்சு பாட்டில திருப்பி பாத்தேன், கட்டுவிரியன் குட்டி. பகல்ல அது மந்தமா சுருண்டு கெடக்கற ஜாதி, அதனாலதான் அவன் தப்பிச்சான், என் சாமர்த்தியத்தால இல்ல. நான் குடுத்த அடையாளம் என்னன்னா, வரையனுக்கு பட்டை கழுத்து கிட்டயே ஆரம்பிச்சு வால் பக்கம் மங்கிடும், விரியனுக்கு கொஞ்சம் தள்ளி ஆரம்பிச்சு வால் நுனி வரைக்கும் போகும்னு. பெரிய பாம்புக்கு ஓரளவு சரி. குட்டி விரியனுக்கு கழுத்து கிட்டேர்ந்தே பட்டை இருக்கும், அதை நான் சொல்லல. முதுகு நடுவுல பெருசா ஆறு மூலையா செதில் இருக்கான்னு பாத்தா சரியா தெரியும், ஆனா அவ்ளோ கிட்ட போய் பாக்கறதுதான பிரச்சனையே. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. அதுலேர்ந்து எந்த பிள்ளை கையிலயும் பாம்ப குடுத்ததில்ல. அனுமதி இல்லாம புடிச்சு காட்டறது சட்டப்படியும் குத்தம், அது அப்ப எனக்கு உறைக்கல.

அதனால என் கருத்து இதுதான், சில நண்பர்கள் ஒத்துக்க மாட்டாங்க. தொட்டு பாத்தாதான் பயம் போகும், பாசம் வரும்னு சொல்றவங்க இருக்காங்க, பயம் போகுதுங்கறது உண்மைதான், நானே பாத்தேன். ஆனா நம்ம ஊர்ல பயம் போறது மட்டும் போதாது. இந்தியாவுல 2000லேர்ந்து 2019 வரைக்கும் பாம்புக்கடில செத்தவங்க சுமார் 12 லட்சம்னு ஒரு பெரிய ஆய்வு கணக்கு சொல்லுது, வருஷத்துக்கு சராசரி 58,000. அதுல நிறைய பேர் கிராமத்துல வயல்லயும் வீட்லயும் கடி வாங்கினவங்க, பாம்ப தேடிப் போனவங்க இல்ல. விஷப்பாம்பே இல்லாத ஊர்ல தோட்டத்து பாம்ப கையில எடுத்து விளையாடற பிள்ளைங்க கதைய இங்க காப்பி அடிக்க முடியாது. நம்ம பிள்ளைக்கு ஆசையோட சேத்தே தூரத்தையும் குடுக்கணும், தூரமா நிக்கறதே ஒரு திறமைன்னு. நான் கூட்டிட்டு போற பசங்களுக்கு ஒரு போட்டி வெப்பேன், அது உன்ன பாத்து நகராம, அது பாட்டுக்கு அதோட வேலைய பண்ண விட்டு, எவ்ளோ நேரம் பாத்தேன்னு. எடத்த விட்டு அது ஓடிடுச்சுன்னா நீ அவுட். உங்க பையன் மாதிரி துறுதுறுன்னு இருக்கறவங்க முதல் நாள் பத்து செகண்டுல அவுட் ஆவாங்க, ஒரு மாசத்துல சிலை மாதிரி உக்காருவாங்க. அந்த யூட்யூப் வீடியோவ தடை பண்ணாதீங்க, ஒளிஞ்சு பாப்பான். கூட உக்காந்து, "இப்ப அந்த பாம்பு என்ன பண்ணுது, ஏன் படம் எடுக்குது, போக வழி தேடுதா இல்லயா"ன்னு கேளுங்க. படம் எடுக்கறதுன்னா அது பயந்துடுச்சுன்னு அர்த்தம்னு புரிஞ்சிட்டா, அந்த ஆள் பண்றது வீரமா தெரியாது, தொந்தரவா தெரியும்.

எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்னா, உங்க டியூப் லைட்டுக்கு கீழ. நீங்க கூசற அதே பல்லிதான். ஒரு லைட்டுக்கு எத்தன பல்லி, எது பெருசு, எது எத வெரட்டுது, எத்தன மணிக்கு வருதுன்னு ஒரு வாரம் எழுத சொல்லுங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு எல்லை இருக்கறது அவனே கண்டுபிடிப்பான். கால்ல பசை ஒண்ணும் கெடையாது, விரலுக்கு அடில லட்சக்கணக்குல நுண்ணிய மயிர், அதுங்களுக்கும் சுவத்துக்கும் நடுவுல இருக்கற ஈர்ப்புலதான் ஒட்டுது, இதை 2000ல தான் அளந்தே பாத்தாங்க. வால் விட்டுட்டு ஓடுச்சுன்னா திரும்ப வளர எத்தன நாள் ஆகுதுன்னு அதே பல்லிய அடையாளம் வெச்சு பாக்கலாம், ஆனா வால் விழ வெக்க கூடாது, அது சேத்து வெச்ச கொழுப்பு போயிடும். பல்லிக்கு விஷம் கெடையாது, சாப்பாட்டுல விழுந்தா கொட்டிடறது கிருமிக்காக, விஷத்துக்காக இல்ல.

அப்புறம் மழை. ஏரிய ஒட்டி வீடு வெச்சிருக்கீங்க, அதைப் போயி பிரச்சனை மாதிரி எழுதிருக்கீங்களே, எனக்கு பொறாமையா இருக்கு. நல்ல மழை பெய்ஞ்ச முதல் ராத்திரி மொட்டை மாடிலயோ ஜன்னல் கிட்டயோ லைட்ட அணைச்சிட்டு உக்காருங்க, போன்ல ரெக்கார்ட் போட்டு வைங்க. மொதல்ல ஒரே இரைச்சலா இருக்கும், பத்து நிமிஷத்துல காது பிரிக்க ஆரம்பிச்சிடும். சீப்பு பல்லுல நகத்தால கீறுற மாதிரி வர்றது கட்டைவெரல் நகம் அளவு இருக்கற குட்டித் தவளை, அவ்ளோ சின்ன உடம்புல அவ்ளோ சத்தம். விட்டு விட்டு தக் தக் தக்னு சொவத்து பக்கத்துலேர்ந்து வர்றது மரத்தவளை. ட்ர்ர்ர்னு நிறுத்தாம இழுக்கறது சொறித்தவளை. அடிவயித்துலேர்ந்து ஏப்பம் விடற மாதிரி ஒண்ணு வந்துச்சுன்னா அது காளைத் தவளை, மறுநாள் காலைல தேங்கின தண்ணி பக்கம் தூரமா நின்னு பாருங்க, ஆம்பளைங்க எலுமிச்சம்பழ மஞ்சள் ஆயிருக்கும், கழுத்துக்கு ரெண்டு பக்கமும் நீலமா பை உப்பும். அந்த கலர் கொஞ்ச நாள்தான், அப்புறம் பழையபடி பாசி நிறம். வருஷா வருஷம் யாராச்சும் இதை வீடியோ எடுத்து வெளிநாட்டு தவளை ஊருக்குள்ள வந்துடுச்சுன்னு வாட்ஸ்அப்ல போடுவாங்க. நம்ம ஊர் தவளைதாங்க அது, அதோட கால வெட்டி உறைய வெச்சு வெளிநாட்டுக்கு அனுப்பிட்டு இருந்தோம், 1987ல தான் அந்த ஏற்றுமதிய தடை பண்ணினாங்க. கத்தறது எல்லாம் ஆம்பளை, கத்தி கத்திதான் பாம்புகிட்ட மாட்டும், நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க.

தலைப்பிரட்டை பத்தி கேப்பீங்க, எல்லா பிள்ளையும் பாட்டில்ல புடிச்சு வளக்கணும்னு நிக்கும். முன்னாடி நானே வளக்க சொல்லுவேன், இப்ப சொல்றதில்ல. குழாய் தண்ணில இருக்கற குளோரின்ல செத்துடும், அம்பது குஞ்ச ஒரு டப்பால போட்டு நாற அடிச்சிடுவாங்க, முன்னங்கால் வந்ததுக்கு அப்புறம் ஏறி உக்கார கல்லு இல்லன்னா முழுகியே சாகும், அந்த விஷயம் தெரியாம பிள்ளைங்க அழுததை நிறைய பாத்துட்டேன். இன்னொண்ணு, உலகம் பூரா தவளைங்கள அழிச்ச ஒரு தோல் பூஞ்சை இருக்கு, ஒரு எடத்து தவளையயும் தண்ணியயும் இன்னொரு குட்டைல கொண்டு போய் விடறதால அந்த மாதிரி நோய் பரவும். அதனால அதே குட்டைக்கு நாலு நாளுக்கு ஒருக்கா போங்க. மாலை கோத்த மாதிரி நீளமா முட்டை இருந்தா சொறித்தவளை, தண்ணிக்கு மேல செடில சோப்பு நுரை மாதிரி ஒட்டிருந்தா மரத்தவளை கூடு. மொதல்ல பின்னங்கால், அப்புறம் முன்னங்கால், அப்புறம் வால் சுருங்கும். வரைய சொல்லுங்க, போட்டோ எடுத்தா பாக்க மறந்துடுவான். தவளை தோல் வழியா மூச்சு விடும், தண்ணி குடிக்கும், அதனால கொசு மருந்து, சானிடைசர் தடவின கையால தொடவே கூடாது, சொறித்தவளைய தொட்டா காதுக்கு பின்னாடி இருக்கற புடைப்புலேர்ந்து பால் மாதிரி வரும், அது கண்ணுல பட்டா எரியும். எதைத் தொட்டாலும் சோப்பு போட்டு கை கழுவணும். அஞ்சு வயசுக்கு கீழ இருக்கற பிள்ளைங்க ஆமை, தவளை, பல்லி எதையுமே தொட வேணாம், சால்மோனெல்லா கிருமி அதுங்ககிட்ட சாதாரணமா இருக்கும், சின்ன பிள்ளைய படுக்க வெச்சிடும்.

மாமியார் விஷயத்துல நீங்க நினைக்கறதுக்கு நேர் எதிரா சொல்லப்போறேன். அவங்கள எதிர் கட்சில உக்கார வெக்காதீங்க. ஆமை புகுந்த வீடு அமீனா புகுந்த வீடுன்னு அவங்க ஆரம்பிச்சா, அது உண்மைல கல்லாமை இயலாமைன்னு வாட்ஸ்அப் விளக்கம் எல்லாம் குடுக்க வேணாம், பையன விட்டு, "பாட்டி உங்க ஊர்ல என்ன என்ன பாம்பு இருந்துச்சு, பேர் சொல்லுங்க"ன்னு கேக்க சொல்லுங்க. அந்த தலைமுறைக்கு தெரிஞ்ச பேர்ல கால்வாசி கூட எனக்கு தெரியாது. கதையும் வரும். கொம்பேறி மூக்கன் கடிச்சிட்டு சுடுகாட்டு புகைய பாக்க மரத்துல ஏறி உக்காரும்பாங்க, பச்சைப் பாம்பு கண்ணக் கொத்தும்பாங்க, சாரையும் நல்லதும் இணை சேரும்பாங்க, அரணை நக்குனா மரணம்பாங்க, மண்ணுளிக்கு ரெண்டு தலைம்பாங்க. ஒண்ணயும் பொய்யின்னு மூஞ்சில அடிக்காம, "சரி எதப் பாத்து இப்படி சொன்னாங்க"ன்னு துருவினா அதுல பாதிக்கு பின்னாடி நெஜமா பாத்த ஒண்ணு இருக்கும். பின்னிக்கிட்டு எழும்பற ரெண்டு பாம்பு இணை சேரல, பெரும்பாலும் ரெண்டும் ஆம்பளைச் சாரை, யார் பெரியவன்னு சண்டை. மண்ணுளிக்கு வால் மழுங்கி தலை மாதிரியே இருக்கும், எதிரி வாலக் கடிச்சிட்டு போகட்டும்னு. பச்சைப் பாம்புக்கு மூக்கு கூரா, கண்ணு நேரா, மரத்துல நம்ம முகம் உசரத்துல இருக்கும், அதான். அரணை பாவம், அதுக்கு விஷமே கெடையாது. ஓணான மட்டும் கல்லால அடிக்க விடாதீங்க, ராமர் தண்ணி கேட்டப்ப அது என்ன பண்ணுச்சுன்னு ஒரு கதைய சொல்லியே பல தலைமுறையா பசங்க அதை வதைச்சிட்டாங்க, நானும் பண்ணிருக்கேன்.

போக வேண்டிய எடம். கிண்டில சென்னை பாம்புப் பண்ணை, 1972லேர்ந்து அங்க இருக்கு, அரை நாள் போதும். கூட்டம் இல்லாத நாள் போய் ஒரே ஒரு கண்ணாடி முன்னாடி இருபது நிமிஷம் நில்லுங்க, எல்லாத்தையும் ஓடி ஓடி பாத்தா ஒண்ணும் மனசுல நிக்காது. ஈசிஆர்ல வடநெம்மேலி முதலைப் பண்ணை 1976ல ஆரம்பிச்சது, அதுக்குள்ளயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்தோட விஷம் எடுக்கற எடம் இருக்கும். என்னைக் கேட்டா உங்க பையன் கண்டிப்பா தெரிஞ்சுக்க வேண்டியது அதுதான். தோலுக்காக பாம்பு புடிச்சு வித்து பொழைச்ச ஜனங்க, 1972 வனவிலங்கு சட்டத்துக்கு அப்புறம் பொழப்பு போய், 1978ல இந்த சங்கம் வந்துச்சு, இப்ப நாலு வகை விஷப்பாம்ப புடிச்சு விஷம் எடுத்துட்டு திரும்ப காட்டுல விடறாங்க, நாட்டுல பாம்புக்கடி மருந்து செய்ய போற விஷத்துல பெரும்பங்கு இவங்க கையால வந்தது. 2023ல வடிவேல் கோபால், மாசி சடையன்னு ரெண்டு இருளர்களுக்கு பத்மஸ்ரீ குடுத்தாங்க. யூட்யூப் ஹீரோவுக்கு பதிலா காட்ட ஒரு ஹீரோ வேணும்னா இவங்களக் காட்டுங்க, கைல கம்பி, பையி, வாயில ஒரு பேச்சு கெடையாது, தேவையில்லாம ஒரு நொடி கூட பாம்ப தொட மாட்டாங்க.

ஆமைதான வேணும்? உங்களுக்கு ஆமை கடலோரத்துலயே இருக்கு. தைலேர்ந்து பங்குனி வரைக்கும் பங்குனி ஆமை முட்டை போட நீலாங்கரை, பெசன்ட் நகர் மணலுக்கு வரும், 1988லேர்ந்து மாணவர்கள் சேந்து நடத்தற கடலாமை பாதுகாப்பு அமைப்பு ராத்திரி நடந்து போய் முட்டைய எடுத்து பத்திரமா பொதைச்சு வெப்பாங்க. ராத்திரி பூரா மணல்ல நடக்கறது எட்டு வயசுக்கு ஜாஸ்தி. ஆனா நாப்பத்தஞ்சு அம்பது நாள் கழிச்சு குஞ்சு பொரிஞ்சு சாயங்காலம் கடல்ல விடறப்ப கூட்டிட்டு போங்க. மணல் சூடா இருந்தா பொண்ணு, குளுமையா இருந்தா ஆணுன்னு அங்க சொல்லுங்க, வாயப் பொளந்துடுவான். 2025 ஜனவரில செத்து ஒதுங்கின ஆமைங்க நூத்துக்கணக்குல கெடந்துச்சு, அதைப் பத்தி கேட்டா மறைக்காதீங்க, வலைல மாட்டி மூச்சு விட மேல வர முடியாம சாகுதுன்னு சொல்லுங்க.

பெட் ஷாப் ஆமை வேணாம். காதுக்கு பக்கத்துல செவப்பு கோடு இருக்கற அந்த குட்டி அமெரிக்க ஆமை, இப்ப உள்ளங்கை அளவு இருக்கும், சாப்பாட்டுத் தட்டு அளவு வளரும், இருபது முப்பது வருஷம் உயிரோட இருக்கும், தொட்டி நாறும், கடைசில யாரோ கோயில் குளத்துலயோ ஏரிலயோ விட்டுடுவாங்க, அங்க இருக்கற நம்ம ஆமைக்கு அது போட்டி. நட்சத்திர ஆமை ரகசியமா கெடைக்கும்னு யாராச்சும் சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க, வெச்சிருக்கறதே குத்தம், வாங்கினவங்களும் மாட்டுவாங்க.

பாதுகாப்பு விஷயத்துல எனக்கு சந்தேகமே இல்ல, அதனால சுருக்கமா சொல்றேன். வெளிய போனா ஷூ, ராத்திரி டார்ச், கல்லு கட்டைக்கு அடில கை விடறதே கெடையாது. எந்தப் பாம்பு பேர் தெரிஞ்சாலும் தெரியாட்டியும் ஒரே பதில், நின்னு, பின்னாடி நகந்து, பெரியவங்கள கூப்பிடு. விஷமில்லாதத அடையாளம் கண்டுபிடிக்க பிள்ளைக்கு கத்துக் குடுக்காதீங்க, நான் பண்ணின தப்பு அதுதான். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை, இந்த நாலும் மட்டும் நல்லா தெரிஞ்சா போதும். கட்டுவிரியன் ராத்திரி தரைல தூங்கறவங்கள கடிக்கும், வலியே இருக்காது, காலைல வயித்து வலி, கண்ணு இமை தொங்கறதுன்னு வரும், அதனால ஏரிக்கரை வீட்ல தரைல படுக்காதீங்க, கொசுவலைய மெத்தைக்கு அடில சொருகிடுங்க. யாருக்காச்சும் கடி பட்டா கட்டு போடாதீங்க, வெட்டாதீங்க, உறியாதீங்க, நடக்க விடாதீங்க, மோதிரம் கொலுச கழட்டிட்டு கைகால் ஆடாம வெச்சு 108 கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரி. பாம்ப தேடிட்டு நிக்காதீங்க, அந்த நாலுக்கும் ஒரே மருந்துதான். மருந்து எவ்ளோ, எப்பங்கறது டாக்டர் வேலை, நான் சொல்லக்கூடாது.

பன்னெண்டு பதிமூணு வயசுல இந்த ஆசை பல பிள்ளைங்களுக்கு நின்னுடும், கூட படிக்கறவங்க கேலி பண்ணுவாங்க. அப்பவும் விடாதவனுக்கு ஐநேச்சுரலிஸ்ட் ஆப்ப காட்டுங்க, அவன் போடற தவளை போட்டோவும் சத்தமும் நெஜமான பதிவா சேரும். கண்டுபிடிக்க இன்னும் நிறைய இருக்குன்னு சொல்லுங்க. வருஷம் பூரா மண்ணுக்குள்ள இருந்துட்டு மழைக்கு சில நாள் மட்டும் வெளிய வர்ற ஊதாத் தவளைக்கு 2003ல தான் அறிவியல் பேரே வெச்சாங்க. அதோட இன்னொரு இனத்த 2017ல நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மலைலேர்ந்து விவரிச்சு, காட்டுல வேலை பாக்கறப்பவே இறந்துபோன பூபதிங்கற தமிழ்நாட்டு ஊர்வன ஆய்வாளர் பேர வெச்சிருக்காங்க.

கடைசியா, நீங்க போட்ட போட்டோல பாத்ரூம் டைல்ஸ்ல ஒட்டிட்டு இருக்கறது மரத்தவளைதான், விரல் நுனில வட்டமா தட்டு தெரியுது பாருங்க. உங்க மாமியார் அதைத்தான் தேரைன்னு சொல்லிருப்பாங்க. அதுக்கு விஷம் இல்ல, தண்ணி ஈரத்துக்கு வந்திருக்கு. தொடப்பத்தால தட்டாதீங்க. ஈரமான மக் ஒண்ண தவளை மேல கவுத்து, அடில ஒரு அட்டைய மெதுவா நொழைச்சு, செடித் தொட்டி கிட்ட சாயங்காலம் விட்டுடுங்க. அட்டைய நொழைக்கற வேலைய பையன்கிட்ட குடுங்க, மக்க நீங்க புடிச்சுக்கோங்க. நாளைக்கே திரும்ப வந்துடும், அதுவும் அதே டைல்ஸுக்கு.